பொட்டு இல்லாத டிஸ்க்

அத்தியாயம் 6

கதவு மூடிய விதமே சிங்காரத்துக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கான கதவென்றால் 'டப்' என்று மூடும்; கேட்டவன் மனசு ஆறும். இது 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டு, கடைசியில் 'ளக்' என்று எதையோ விழுங்கியது.

"பயப்படாதீங்க தம்பி," என்றார் நடனசபாபதி, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தடவியபடி. "இந்தக் கார்டு இல்லாம உள்ளேயிருந்தும் திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது. கரண்ட் போனாலும் திறக்காது. மெயினை ஆஃப் பண்ணிட்டுத் திருடன் பூந்துட்டா? அதுக்குன்னே தனியா சொல்லிச் செஞ்சது. என் கேபினுக்கும் இதே கதவுதான்."

"உள்ள மனுசன் இருக்கறப்ப கரண்ட் போனா சார்?"

"உள்ள எதுக்கு மனுசன்? இது மெஷினுக்குக் கட்டுன ரூமு."

சிங்காரம் துப்பறியும் மங்கலத்தின் உதவியாளன். பெண்ணாடத்துக்காரன். சர்க்கரை ஆலையில் கரும்பு உள்ளே போய்ச் சக்கையாக வெளியே வருவதைச் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டதால், ஒருவழிப் பாதையாக உள்ளே இழுத்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டையும் அவன் நம்புவதில்லை.

நடனசபாபதி 'தாண்டவா அக்வா லேப்ஸ்' நிறுவனத்தின் எம்.டி. தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் கம்பெனி. தலைமை ஆபீஸ் கடலூரில். சிதம்பரத்தில் இருக்கும் இந்தக் குளிர்ந்த அறைக்கு 'நித்திய மையம்' என்று பெயர். பித்தளைப் பலகையில் பொறித்து, திறப்பு விழாவுக்கு இரண்டு தவில் வைத்திருந்தார்.

"தில்லையில ஆட்டம் என்னிக்காவது நின்னுருக்கா? அதே மாதிரி என் மெஷினும் நிக்காது. கடலூர்ல ரெண்டு டிஸ்க். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓடும். கடலூரே முழுகினாலும் இங்க ரெண்டு ஓடும். ஆக மொத்தம் நாலு காப்பி! அந்தக் கண்ணாடி, குண்டு துளைக்காதது. செவுரு கான்கிரீட். தீப்பிடிச்சா அந்தச் சிவப்பு சிலிண்டர்லேருந்து வாயு வந்து நெருப்பை மூச்சுமுட்ட வச்சிடும்."

சிங்காரம் சிலிண்டருக்கு மேலே இருந்த பலகையைப் படித்தான். 'சைரன் ஒலித்தால் உடனே வெளியேறவும்.' பிறகு கதவைப் பார்த்தான்.

"எல்லாம் சரிங்க," என்றாள் மங்கலம். "நாலு காப்பி இருந்தும் குடிகாட்டுக் கணக்கு எங்க போச்சு?"

மங்கலம் முன்பு இன்சூரன்ஸ் சர்வேயர். எரியாத கோடவுனில் எரிந்துபோன சரக்கைப் பல வருஷம் பார்த்தவள். அதனால் யார் எதைப் பெருமையாகக் காட்டினாலும் அவள் கண் பக்கத்துப் பொருளுக்குப் போய்விடும்.

குடிகாடு கிராமத்துக் கிணறுகளின் தண்ணீரை மூன்று வருஷமாகச் சோதித்த அளவுகள் அந்த மெஷினில் இருந்தன. பக்கத்தில் இருக்கும் 'பாலிவர்ணா கெமிக்கல்ஸ்' மீது, கிணறுகளைக் கெடுத்ததாக, நாளைக் காலை கடலூரில் விசாரணை. அதற்கு ஒரே சாட்சி அந்த அளவுகள். போன வாரம் நாலு இடத்திலும் துடைத்ததுபோலக் காணாமல் போய்விட்டன. அழித்தது இசைவாணியின் பாஸ்வேர்டு.

இசைவாணி மூலையில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். தேவனாம்பட்டினத்து மீனவர் குப்பத்தில் கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போன முதல் ஆள். சாயங்காலத்துக்குள் அவள்மேல் போலீஸ் கேஸ் என்று எம்.டி. சொல்லியிருந்தார். அவள் அம்மா தைலம்மாள் மீன் கூடையோடு மங்கலத்தின் வீட்டுக்கு வந்து அழுததில்தான் இந்தக் கேஸ் தொடங்கியது. ஃபீஸ் வஞ்சிரமாகவே வந்தது. சிங்காரம் தன் பங்கை வறுத்துத் தின்றுவிட்டபடியால் பின்வாங்க வழியில்லை.

"என் பாஸ்வேர்டு இவுங்ககிட்டயும் இருக்கு மேடம்," என்றாள் இசைவாணி. "எல்லாரும் எம்.டி.கிட்ட குடுத்து வைக்கணும்னு ரூலு."

"குடும்பத் தலைவர்கிட்ட வீட்டுச் சாவி இருக்காதா?" என்றார் நடனசபாபதி.

"ஒண்ணுல அழிச்சா நாலுலயும் அழியுமா?" என்று மங்கலம் அவரிடம் கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். லைட்டு மினுக்குதா, மெஷின் ஓடுது. அவ்ளோதான் நம்ம ஞானம். நாலுல ஒண்ணுலயாவது இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்."

"நாலு காப்பி இருந்தா நாலுலயும் தனித்தனியாத்தானே அழிக்கணும்?" சிங்காரத்துக்கு அது புரியவேயில்லை.

இசைவாணி அவனைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை எடுத்தா, கண்ணாடியில இருக்கறவருக்கு மட்டும் மீசை இருக்குமா?"

சிங்காரம் அனிச்சையாக மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

"அதேதான். ஒரு டிஸ்க் உடைஞ்சா மத்தது காப்பாத்தும். ஆனா ஒருத்தர் உக்காந்து அழிச்சா, நாலும் அந்த நொடியே அழிச்சிக்கும். அதுக்குத்தான் தினம் சாயங்காலம் டேப்புல ஒரு காப்பி எடுத்துப் பீரோவுல பூட்டி வைப்போம்னு கெஞ்சுனேன்."

"டேப்பு!" நடனசபாபதி சிரித்தார். "பாட்டுக் கேக்கவா? வர்ற விருந்தாளிக்கு எதைக் காட்றது? பீரோவையா? இது பாருங்க, மினுக்குது."

மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. கூடவே மஞ்சளாகவும் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அந்த அறையில் பொட்டு வாங்காத பொருளே இல்லை. மெஷின், ஏ.சி., யு.பி.எஸ்., நாற்காலி, சிவப்பு சிலிண்டர் எல்லாவற்றின் நெற்றியிலும் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். கதவில் சாவித் துவாரம் இல்லாததால் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

மங்கலம் குனிந்து மெஷினின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு டிஸ்க்குகள், மேலும் கீழுமாக, இழுப்பறைபோல.

"மேல இருக்கறதுக்குப் பொட்டு இருக்கு. கீழ இருக்கறதுக்கு இல்லியே?"

நடனசபாபதியின் முகம் ஒரு கணம் வெறுமையாகி, பிறகு கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டாக எரிந்தது. "ஆக! பூஜைக்கு அப்புறம் யாரோ டிஸ்க்கையே மாத்தியிருக்காங்க! யாரு? மெஷின் யாரு பொறுப்பு? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மேடம், நீங்க துப்பறிவாளர்தான்! இருங்க, இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுறேன். உள்ள சிக்னல் கெடைக்காது."

அட்டையைக் காட்டினார். கதவு பெருமூச்சு விட்டது. அவர் போனார். 'ளக்.'

இசைவாணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க என்னக் காப்பாத்த வந்தீங்கன்னு எங்கம்மா சொல்லிச்சு..."

"அக்கா," என்றான் சிங்காரம் மெதுவாக. "வஞ்சிரத்தைத் திருப்பிக் குடுக்க முடியாது, அது வேற விஷயம். ஆனா நீங்க யாரு பக்கம்?"

மங்கலம் வாயைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்தது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் போவது செய்தியே இல்லை, வந்தால்தான் செய்தி. ஏ.சி. ஒரு முனகலோடு நின்றது. யு.பி.எஸ். மட்டும் 'கீக், கீக்' என்று கத்தியபடி மெஷினைத் தாங்கிப் பிடித்தது. மெஷின் நிற்கவில்லை. நிற்காத மெஷின் தன் வெப்பத்தை எல்லாம் மூன்று மனுசர் முகத்தில் ஊதத் தொடங்கியது.

சிங்காரம் கண்ணாடிக்கு ஓடினான். வெளியே மேஸ்திரி கலியமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கட்டடத்துக்கு வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், பூசாரி எல்லாம் அவர்தான்.

"அண்ணே! ஜெனரேட்டரைப் போடுங்க!"

குண்டு துளைக்காத கண்ணாடி, சத்தத்தைத் தாராளமாக விட்டது. "டீசல் இல்ல தம்பி! ஆறு மணிக்குத்தான் வரும்!"

"நீங்களாவது கதவைத் திறங்க!"

"எங்கிட்ட கார்டு ஏது? சாமி கும்பிட மட்டும் என்னை உள்ள விடுவாங்க!"

சிங்காரம் சட்டையின் முதல் பட்டனைக் கழற்றினான். அறை சுருங்கிக்கொண்டு வருவதாக அவனுக்குத் தோன்றியது. பெண்ணாடத்து ஆலையின் உருளைகள் காதுக்குள் சுற்றின.

"சிங்காரம், மூச்சை இழுத்து விடு. சாறு புழிய இன்னும் நேரம் இருக்கு," என்றாள் மங்கலம். பிறகு தரையில் இசைவாணியின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "ஏம்மா, ஆயுத பூஜை அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"கடலூர்ல மேடம். அன்னிக்கு சாயங்காலம் இந்த மெஷின்ல ஒரு டிஸ்க் கழண்டுடுச்சுன்னு எனக்கு அங்க திரையில வந்துச்சு. மறுநாள் காலையில புதுசு ஒண்ணு வந்து சேந்துச்சு. மேல இருக்கற டிஸ்க்கைப் பாத்து அதுவே எழுதிக்கிச்சு. நான் கலியமூர்த்தி அண்ணனுக்குப் போன் பண்ணேன். 'எம்.டி. சொன்னாங்க, செஞ்சேன், கேக்காதம்மா'ன்னாரு. பழைய டிஸ்க் கெட்டுப்போயிருக்கும்னு விட்டுட்டேன்."

"கெட்டுப்போயிருக்குன்னு திரையில வந்துச்சா?"

"இல்ல. கழண்டுடுச்சுன்னுதான் வந்துச்சு."

மங்கலம் சிரித்தாள். அந்தச் சூட்டில் சிரித்தவள் அவள் ஒருத்திதான். "பூஜைக்கு மெஷினைச் சாமி முன்னாடி வைக்கணும். ஆனா மெஷின் நிக்கக் கூடாது, நித்திய மையமாச்சே. அப்ப என்னா பண்ணுவாரு? ஒண்ணை உருவிக்கிட்டுப் போயி வச்சிருப்பாரு. மத்தது ஓடிட்டுத்தானே இருக்கும்! சரஸ்வதி முன்னாடி வச்சதை மறுநாள்தான் எடுக்கணும். மறுநாள் அவரு சொல்லி கலியமூர்த்தி புதுசைச் சொருகிட்டாரு. அதுக்குப் பொட்டு இல்ல."

இசைவாணி நிமிர்ந்தாள். "அப்ப அந்தப் பழைய டிஸ்க்ல..."

"அன்னிக்கு வரைக்கும் இருந்த அத்தனையும் இருக்கும். எந்த மெஷின்லயும் மாட்டாததால எதைப் பாத்தும் அழியல."

"அது இத்தனை நாள் குப்பைக்குப் போயிருக்கும்க்கா," என்றான் சிங்காரம்.

"பூஜையில பொட்டு வச்ச பொருளை எவன்டா குப்பையில போடுவான்?"

சிங்காரம் பதில் சொல்ல வாயெடுத்தபோது சைரன் அலறியது.

சிவப்பு விளக்கு சுழன்றது. சூட்டை நெருப்பென்று நினைத்துக்கொண்டது அந்த ஏற்பாடு. உடனே வெளியேறவும் என்றது பலகை. மூவரும் கதவில் மோதினார்கள். கதவு, தான் பெற்ற வளர்ப்புக்குத் தக்கபடி, அசையவில்லை. வெளியே கலியமூர்த்தி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மூச்சைப் பிடிங்க!" என்று கத்திவிட்டு சிங்காரம் மூச்சைப் பிடித்தான். செய்த பாவங்கள் வரிசையாக வந்தன. சிலிண்டரின் வாயில் ஏதோ 'கிர்ர்' என்று அசைந்தது. மூடி கழன்று விழுந்தது.

உள்ளேயிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. சைரனைப் பொறுக்க முடியாமல் வெளியே வந்து, சுவரேறிப் போய்விட்டது. வேறு எதுவும் வரவில்லை.

மங்கலம் சிலிண்டரைக் கையால் தட்டினாள். காலி தகர டின்னின் ஓசை. "பெயிண்ட் மட்டும்தான்டா வாங்கியிருக்காரு!"

மனுசனின் பொய் தன் உயிரைக் காப்பாற்றியது சிங்காரத்துக்கு அதுவே முதல் தடவை. நன்றியோடு தரையில் சாய்ந்து நீளமாக மூச்சை இழுத்தான். இழுத்தவன் முகம் சுளித்தான்.

"அக்கா, கற்பூர வாசம் வருது."

"எங்கேருந்து?"

அவன் நாய்போல மோந்துகொண்டே போய், கட்டடத்தின் வண்ணப்படம் மாட்டியிருந்த சுவரில் மூக்கை வைத்தான். "இதுலேருந்து."

"கான்கிரீட் வழியா கற்பூரம் வருமா?" என்றாள் மங்கலம். "கண்ணாடி பொய்யி, சிலிண்டர் பொய்யி. செவுரு மட்டும் நெசமாவா இருக்கப்போவுது? அந்தப் பக்கம் எம்.டி. கேபினு. இடிடா."

அத்தியாயம் தொடங்கியதிலிருந்து சிங்காரம் காத்திருந்த வார்த்தை அது. நாலடி பின்னால் போய், தோளைக் கொடுத்து ஓடினான். சுவர் 'பொதக்' என்றது. படத்தோடும், வெள்ளை அடித்த அட்டைப் பலகையோடும், சுண்ணாம்புத் தூளோடும் அவன் அடுத்த அறையில் போய் விழுந்தான்.

அங்கே இன்வெர்ட்டர் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. நடனசபாபதி செல்போனைக் காதில் வைத்தபடி சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "...கரண்ட் போனாலும் ஆறு மணி வரைக்கும் ஜெனரேட்டர் போடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன் சார். வெந்து வெளிய வர்றப்ப துப்பும் இருக்காது, அறிவும் இருக்காது. உங்க பாலிவர்ணாவுக்கு நாளைக்கு..."

திரும்பினார். மாவில் புரட்டிய பஜ்ஜிபோல எழுந்து நின்ற சிங்காரத்தைப் பார்த்தார். போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

மங்கலமும் இசைவாணியும் ஓட்டை வழியாக வந்தார்கள். மங்கலம் எம்.டி.யைப் பார்க்கவேயில்லை. மூலையில் இருந்த கண்ணாடிப் பூஜை அலமாரியைத்தான் பார்த்தாள். நடராஜர், சரஸ்வதி படம், எரிந்து முடிந்த கற்பூரத் தட்டு. சாமிகள் இரண்டுக்கும் நடுவில், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி.

இசைவாணி அலமாரிக்கு ஓடினாள்.

"அது... அது சாமி!" என்றார் நடனசபாபதி. "விஜயதசமி அன்னிக்கு அதை வச்சப்பதான் பாலிவர்ணா ஆர்டர் வந்துச்சு. ராசியானது. தொடாதீங்க!"

"தினம் கற்பூரம் காட்டுறீங்களா?"

"வேளை தவறாம."

"உங்களுக்கு எதிரான சாட்சிக்கு இப்படி ஒரு உபசாரம் நான் எந்தக் கேஸ்லயும் பாத்தது இல்ல சார்," என்றாள் மங்கலம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாமி மறுபடியும் டிஸ்க்காக மாறுவதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. பிறகு, ஆச்சரியம், அவர் சிரித்தார். நல்ல மனுசர்போல.

"தப்பா நெனச்சிட்டீங்க. எனக்கும் உண்மைதானே வேணும்? யு.பி.எஸ்.ல மெஷின் ஓடிட்டுத்தான் இருக்கு. தம்பி, எடுத்துட்டுப் போங்க. கீழ பொட்டில்லாததை உருவிட்டு, அதே எடத்துல இதைச் சொருகுங்க. மேல இருக்கறதைப் பாத்துத் தானா சரி பண்ணிக்கும். கணக்கு இருந்தா இந்தப் பொண்ணுகிட்ட நானே மன்னிப்புக் கேக்குறேன்."

சிங்காரத்துக்கு மனசு இளகிவிட்டது. இசைவாணி அலமாரி முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தாள். அவன் டிஸ்க்கை மல்லிகையோடு எடுத்துக்கொண்டு ஓட்டைக்குள் நுழைந்தான். பொட்டில்லாததை உருவினான். பொட்டுக்காரரைக் காலி இடத்தின் வாயில் வைத்துத் தள்ளப்போனான்.

"அண்ணே!" இசைவாணி ஓட்டையில் தலையை விட்டுக் கத்தினாள். "மீசை!"

சிங்காரத்தின் கை அப்படியே நின்றது. இடது கை மீசைக்குப் போனது. மேலே இருக்கும் டிஸ்க்கில் கணக்கு இல்லை, அழிந்துவிட்டது. இது அதைப் பார்த்துச் சரிபண்ணிக்கொள்ளும். சரிபண்ணிக்கொண்டால்?

"அய்யோ," என்றான். "மழிச்சி விட்டுருக்குமே!"

டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்ப வந்தான். இசைவாணி அதை வாங்கித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"லைட்டு மினுக்கறது மட்டும்தான் தெரியும்னு சொன்னீங்க," என்றாள் மங்கலம், எம்.டி.யிடம். "எதைப் பாத்து எது தானா சரி பண்ணிக்கும்னு இப்ப எப்படி வந்துச்சு ஞானம்? அந்த ஞானம் போன வாரமே வந்துட்டுது. ஒண்ணுல அழிச்சா நாலும் அழியும்னு தெரிஞ்ச ஆளுதான் அழிச்சது."

நடனசபாபதி எழுந்தார். நேராகக் கதவுக்குப் போய் அட்டையைக் காட்டினார். கதவு பெருமூச்சுகூட விடவில்லை. மறுபடி காட்டினார். திருப்பிக் காட்டினார். வேட்டியில் துடைத்துக் காட்டினார்.

"இதே கதவுதான்னு சொன்னீங்களே சார்," என்றான் சிங்காரம்.

"கலியமூர்த்தி! ஜெனரேட்டரைப் போடு!"

"டீசல் இல்ல சார்!" வெளியேயிருந்து குரல் வந்தது.

"இருக்குய்யா! நான்தான் சொல்றேன், போடு!"

"ஆறு மணி வரைக்கும் போடக் கூடாதுன்னு எம்.டி. உத்தரவு. கார்டு காட்டாம உள்ளேயிருந்து யாரு கத்துனாலும் கேக்காதேன்னும் உத்தரவு. சொன்னவரு ரொம்பக் கண்டிப்பானவரு சார்!"

நடனசபாபதி நாற்காலிக்குத் திரும்பினார். அதில் மங்கலம் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றார். மூடிய அறைக்குள் சிங்காரத்துக்கு முதல் தடவையாக மூச்சு சுலபமாக வந்தது.

"நாளைக்கு விசாரணையில இதை எப்படிம்மா காட்டுறது?" என்று மங்கலம் கேட்டாள்.

"முதல்ல வேற எடத்துல வச்சு, இதுமேல எதுவும் எழுதாம, இதுலேருந்து ஒரு காப்பி எடுக்கணும் மேடம். அப்புறம்தான் யாருகிட்டயும் குடுப்பேன்."

"எதுல எடுப்ப?"

இசைவாணி எம்.டி.யைப் பார்த்தாள். அன்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "டேப்புலதான்."

வாசலில் ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் மாடி ஏறியது. கதவை யாரோ லத்தியால் தட்டினார்கள்.

"திருடியப் பிடிச்சு வச்சிருக்கேன்னு போன் பண்ணது யாருய்யா? கதவைத் திற!"

நடனசபாபதி அட்டையைச் சட்டைக்குள் மறைத்தார்.

"இருங்க சார்!" என்று கத்தினான் சிங்காரம். "ஆளு எங்கயும் போவ முடியாது. போவ முடியாத மாதிரி அவரே செலவு பண்ணிக் கதவு போட்டுருக்காரு!"